ஏணியில் எத்தனையாவது படி? ஒரே சாலையில் இருக்கும் இரண்டு குடியிருப்புகளை எப்படி ஒப்பிடுவது?

தேன்மொழி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். "இரண்டு சமூகம்" என்று தலைப்பு வைத்த ஆய்வேட்டுக்காக இரண்டு குடியிருப்புகளை எடுத்திருக்கிறேன். ஒன்று, சென்னையின் தெற்கு விளிம்பில் உள்ள பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய எட்டடுக்கு வீடுகள், மொத்தம் 20,000-க்கும் மேல். இன்னொன்று, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடுகிற தூரத்தில், ஓ.எம்.ஆரை (பழைய மாமல்லபுரம் சாலை) ஒட்டிய, சுற்றுச்சுவரும் வாசலில் காவலும் உள்ள ஒரு கேட்டட் கம்யூனிட்டி. வருமானத்தை ஒப்பிடுவது சுலபம். நான் எடுத்துக்கொண்டது நல்வாழ்வு. அதாவது யார் நன்றாக இருக்கிறார்கள் என்பது.

எல்லோரும் பயன்படுத்தும் ஏணிக் கேள்வியைத்தான் நானும் கேட்டேன். 1965-ல் ஹாட்லி கான்ட்ரில் என்பவர் கொண்டுவந்தது. உலக மகிழ்ச்சி அறிக்கையில் நாடுகளை வரிசைப்படுத்துவதும் இதை வைத்துத்தான். கையில் ஒரு படம் இருக்கும். அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிக நல்ல வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

பெரும்பாக்கத்தில் ஓர் அக்கா, ஆறாவது மாடி. அன்று லிஃப்ட் ஓடவில்லை. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு படி ஏறி வந்து, மூச்சு அடங்குவதற்குள் "எட்டு போட்டுக்கம்மா" என்றார். அதே நாள் சாயங்காலம் கேட்டட் கம்யூனிட்டியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துவிட்டு, "அஞ்சுன்னு எழுதிக்குங்க, அதுக்கு மேல சொன்னா பொய் ஆயிடும்" என்றார்.

வகுப்பில் சொன்னபோது ஒரு தோழி, "பார்த்தியா, ஏழைங்கதான் நிம்மதியா இருக்காங்க" என்றாள். எனக்கு அது நெஞ்சில் இறங்கவே இல்லை. என் அம்மா நடவுக்குப் போய்விட்டு வந்து, தண்ணீரில் ஊறி வெளுத்த காலை நீட்டிக்கொண்டு, "எனக்கென்ன குறை" என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த எட்டை நான் நம்பவா, வேண்டாமா? நம்பாமல் விட்டால் அந்த அக்காவின் வாயை நானே அடைப்பது போல ஆகிறது. நம்பினால், அந்தக் குடத்தை எங்கே எழுதுவது?

---

பாளை ஆசிரியர்

அம்மா தேன்மொழி, கல்லூரியில் முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தியவன் நான். நல்ல இடத்தில்தான் தடுக்கியிருக்கிறீர்கள். இதே இடத்தில் பெரிய ஆட்களும் தடுக்கியிருக்கிறார்கள்.

அமர்த்தியா சென் 2002-ல் இதைப் பற்றிச் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். கேரளத்தையும் பீகாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். கேரளத்தில் ஆயுள் அதிகம், குழந்தை இறப்பு குறைவு. ஆனால் வீட்டுக்கு வீடு போய் "உடம்புக்கு ஏதாவது செய்கிறதா" என்று கேட்டால், ஆமாம் என்கிறவர்கள் கேரளத்தில்தான் அதிகம், பீகாரில் குறைவு. அமெரிக்காவில் கேட்டால் கேரளத்தைவிடவும் அதிகம். பீகார்க்காரருக்கு ஆரோக்கியம் கூடுதல் என்றா அர்த்தம்? மருத்துவமனை பக்கத்தில் இருந்து, படிப்பும் இருந்தால்தான் இது நோய், இதற்கு வைத்தியம் உண்டு என்பதே தெரிய வரும். இல்லாத ஊரில் முதுகுவலி என்பது வயசோடு வருகிற ஒன்று, அவ்வளவுதான். உங்கள் தாயார் சொன்ன "எனக்கென்ன குறை" என்பதும் அந்த வகை. பொய் இல்லை. ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்று வாழ்க்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறதோ, அதற்குள் நின்று சொன்ன பதில்.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் பானர்ஜி, டீட்டன், டுஃப்ளோ மூவரும் செய்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது. வயது வந்த ஆண்களில் 65 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். ஆண், பெண் சேர்த்துப் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஆனால் தங்கள் வாழ்க்கை பொதுவாக மகிழ்ச்சியற்றது என்று சொன்னவர்கள் 9 சதவீதம்தான்.

இதை வைத்து ஏணியைத் தூக்கி எறியவும் வேண்டாம். ராபர்ட் பிஸ்வாஸ்-டீனர், எட் டீனர் இருவரும் கல்கத்தாவில் சேரிவாசிகள், பாலியல் தொழிலாளிகள், நடைபாதையில் வசிப்பவர்கள் என 83 பேரிடம் பேசி 2001-ல் வெளியிட்டார்கள். மொத்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது, ஒன்றிலிருந்து மூன்று வரையான அளவில் 1.93. இரண்டு என்பது நடு. அதற்குச் சற்றே கீழே. அதே ஊர் மாணவர்கள் சொன்னது 2.43. ஆக, ஏழைகள்தான் நிம்மதி என்கிற உங்கள் தோழியின் பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் குடும்பம், நட்பு, தன் ஒழுக்கம் என்று தனித்தனியாகக் கேட்டபோது பதில் நடுவுக்கு மேலே ஏறியது. 2006-ல் பிஸ்வாஸ்-டீனர் அமெரிக்காவின் வீடற்றவர்களையும் கல்கத்தா நடைபாதைக்காரர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பணத்தில், மருத்துவ வசதியில் அமெரிக்கர்கள் எவ்வளவோ மேல். திருப்தியில் கல்கத்தாதான் மேல். கல்கத்தாக்காரர் நடைபாதையிலும் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தார், தெரிந்த முகங்களுக்கு நடுவே இருந்தார்.

ஆகவே ஒரே எண்ணைக் கேட்காதீர்கள். துண்டு துண்டாகக் கேளுங்கள்.

---

செல்வி, பெரும்பாக்கம்

நான் சொல்லச் சொல்ல என் பையன் டைப் பண்றான். பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம். அவன்தான் இதைப் படிச்சுக் காமிச்சான். அந்த ஆறாவது மாடி அக்கா நான் இல்ல, ஆனா நானும் ஆறாவது மாடிதான். என்னைக் கேட்டிருந்தாலும் எட்டுதான் சொல்லியிருப்பேன்.

ஏன்னு சொல்றேன். நாங்க 2017-ல இங்க வந்தோம். அதுக்கு முன்னாடி சிந்தாதிரிப்பேட்டை கூவக்கரை. 2015 டிசம்பர்ல ராத்திரி தண்ணி உள்ள வந்தப்போ பையனைத் தோள்ல தூக்கிக்கிட்டு, கைக்குழந்தையை மாமியார் புடவையில சுத்திக்கிட்டு ஸ்கூல் கட்டடத்துக்கு ஓடினோம். இப்போ கதவு இருக்கு, தாழ்ப்பா இருக்கு. மழை பெஞ்சா எழுந்து உக்கார வேணாம். கக்கூஸ் வீட்டுக்குள்ளயே இருக்கு. பொண்ணைக் கூட்டிக்கிட்டு இருட்டுல போய், ஆள் வருதான்னு பாத்துக்கிட்டு நிக்க வேணாம். அதுக்குத்தான் அந்த எட்டு. அந்தக் கூவக்கரை வீட்டைப் பக்கத்துல வச்சுப் பாத்துச் சொல்ற எட்டு அது. நீங்க அந்த அபார்ட்மென்ட் வீட்டைப் பக்கத்துல வச்சுப் பாக்கறீங்க. அளவு வேற வேற.

ஆனா அந்த எட்டை வச்சுக்கிட்டு இவங்களுக்கு ஒண்ணும் வேணாம்னு எழுதிடாதீங்கம்மா. காலில விழுந்து கேட்டுக்கறேன்.

நான் அந்த மாதிரி கேட்டட்ல ஒண்ணுலதான் மூணு வீடு பாக்கறேன். நேத்து நடந்ததை மட்டும் சொல்றேன், நீங்களே எழுதிக்குங்க.

நாலரைக்கு எழுந்தேன். குடிதண்ணி கீழதான் பிடிக்கணும். நேத்து லிஃப்ட் இல்ல. ரெண்டு குடம். மூணாவது மாடியில ஒருதரம் இறக்கி வச்சு, கைப்பிடிச் சுவத்துல சாஞ்சு நின்னுட்டு, மறுபடி தூக்குவேன். எனக்கு முன்னாடி எத்தனையோ பேர் அங்கயே இறக்கி வச்சிருக்காங்க, தரையில குடம் வச்ச வட்டம் வட்டமா தேஞ்சு கெடக்கும். சோறு வடிச்சு, பையனுக்கும் எனக்கும் டப்பா கட்டினேன். பொண்ணு நாலாவது படிக்கிறா, ஸ்கூல்லயே காலை டிபன் போடறாங்க, அது ஒரு பெரிய பாரம் இறங்கினது. அது வர்றதுக்கு முன்னாடி வேலைக்குக் கிளம்பற அவசரத்துல பாதி நாள் பன்னும் டீயும்தான் குடுத்து அனுப்புவேன். ஆறரைக்கு ஷேர் ஆட்டோ.

வீட்டுக்காரர் நேத்து வீட்டுலயே இல்ல. புதுப்பேட்டையில பழைய வண்டியைப் பிரிச்சு பார்ட்ஸ் எடுக்கற வேலை. கூவக்கரையில இருந்தப்போ நடந்தே போவாரு, மத்தியானம் வந்து சாப்பிட்டுட்டுப் போவாரு. இப்போ பஸ் மாறி மாறிப் போனா ரெண்டு மணி நேரம், திரும்பி வர ரெண்டு மணி நேரம். 2021-ல இருந்து பொம்பளைங்களுக்கு சாதா பஸ்ல காசு கிடையாது, அவருக்கு உண்டு. அதனால வாரத்துல மூணு ராத்திரி கடையிலயே படுத்துக்கறாரு. பொண்ணு போன்லதான் அப்பாகிட்ட பேசறா.

கேட்டட்ல வாசல்ல நம்பர் அடிச்சு உள்ள விடுவாங்க. வேலைக்காரங்களுக்குத் தனி லிஃப்ட். மொத வீட்டுல பாத்திரம், பெருக்கித் துடைக்கறது. ரெண்டாவது வீட்டுல ஒரு கைக்குழந்தை. அந்தம்மா ராத்திரியெல்லாம் வெளிநாட்டு ஆபீஸ்கூடப் பேசிட்டு, காலையில கம்ப்யூட்டர் முன்னாடியே கண்ணைச் செருகிட்டு உக்காந்திருக்கும். குழந்தையை வாங்கி அரை மணி நேரம் வச்சுக்கிட்டேன், அது சம்பளத்துல கெடையாது. அந்தம்மா அஞ்சுன்னு சொன்னாலும் அது நெசம்தான், நான் கண்ணால பாக்கறேன். மூணாவது வீட்டுல சமையல்.

நீங்க கேக்காத ஒண்ணு. காலையில ஆறே முக்காலுல இருந்து மத்தியானம் ரெண்டு வரைக்கும் நான் எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சேன்னு யாரும் கேக்கல. ஒண்ணு. ஏன்னா வேலை செய்யற வீட்டுல கக்கூஸ் போகக் கூடாது. நானே கழுவற கக்கூஸ்தான், ஆனா போகக் கூடாது. பேஸ்மென்ட்ல எங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு. அதுல தாழ்ப்பா இல்ல, யாராவது வெளிய காவலுக்கு நிக்கணும். ஒருத்தி நிக்கணும்னா அவ வேலையை விட்டுட்டு வரணும். அதனால எல்லாரும் தண்ணியைக் குறைச்சுக்குவோம். போன வருஷம் எனக்கு நீர்க்கடுப்பு வந்து மூணு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூவக்கரையில கக்கூஸ் இல்லாம கஷ்டப்பட்டேன், இப்போ வீட்டுல இருக்கு, வேலையில இல்ல. இதை எந்தப் படியில வைப்பீங்க?

இன்னொண்ணு, என் மாமியார். சிந்தாதிரிப்பேட்டை சந்து முனையில 22 வருஷம் இட்லி போட்டவங்க. லாபம்னு சொல்ல ஒண்ணும் இல்ல, வந்தது அரிசிக்கும் உளுந்துக்கும் சரியாப் போகும். ஆனா காலையில ஒரு ஆள் இட்லி வாங்க வரலைன்னா, "ஏன் வரல, போய்ப் பாரு"ன்னு என்னை அனுப்புவாங்க. ஒருதரம் அப்படிப் போய்ப் பாத்துத்தான் ஒரு தாத்தாவைக் காப்பாத்தினோம். இங்க ஆறாவது மாடியில யாரு வந்து இட்லி வாங்குவாங்க? கீழ போட இடம் கேட்டுப் பாத்தோம், மாவு டப்பாவைத் தூக்கிட்டு ஏறி இறங்க முடியல, விட்டுட்டாங்க. மூணு வேளை சோறு இருக்கு, ரேஷன் அரிசி இருக்கு, தலைக்கு மேல தளம் இருக்கு. ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்காங்க. பேச்சு ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஏணியைக் காட்டினா அவங்களும் ஏழோ எட்டோ சொல்லிடுவாங்க, புள்ளைக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு.

---

ராஜ்குமார், சோழிங்கநல்லூர்

நான் அந்தப் பக்கத்து ஆள். கேட்டட் கம்யூனிட்டி, ஒன்பதாவது மாடி, வீட்டுக் கடன் இன்னும் 14 வருடம். செல்வி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். இங்கே இத்தனை வருடமாக இருக்கிறேன், அந்தக் கதவை நான் திறந்ததே இல்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருக்கிறது. பல்பு இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைதான் இருக்கிறது, அதில் ஒரு நைலான் கயிறு. உள்ளே இருப்பவர் அதைக் கையில் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்கா வேலை செய்வது எங்கள் வளாகம்தானா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் இதுதான் நிலைமை போலிருக்கிறது.

தேன்மொழி, நீங்கள் இரண்டு தனித்தனி சமூகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் எல்லோரும் ஒரே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றித்தான் வீடு கட்டியிருக்கிறோம். 2022-ல் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் ஆகிவிட்டிருந்தது. மழைத் தண்ணீர் எங்களைக் கேட்டு வருவதில்லை. 2019 ஜூனில் ஓ.எம்.ஆரில் தண்ணீர் இல்லாமல் சில ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன சமயத்தில், எங்கள் வளாகத்துக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. பணம் இருந்ததால் லாரி உள்ளே வந்தது, குழாயைத் திறந்தால் ஒன்பதாவது மாடியில் கொட்டியது. அந்தக் கோடையில் நான் ஒரு குடம்கூடத் தூக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கஷ்டம் இரண்டு பேருக்கும் வருகிறது. எங்களுக்கு அது பில்லாக வருகிறது, அவர்களுக்கு இடுப்பில் ஏறுகிறது.

என்னைக் கேட்டால் ஆறு சொல்வேன். அமெரிக்காவில் வீடு வாங்கிவிட்ட கல்லூரி நண்பர்களைப் பக்கத்தில் வைத்துத்தான் நானும் சொல்கிறேன், அக்கா சொன்னது போலவே.

---

பாளை ஆசிரியர்

செல்வி அம்மா நேற்றைய நாளை மணி மணியாகச் சொன்னார்களே, அதற்கு ஆய்வு முறையே இருக்கிறது. 2004-ல் உளவியலாளர் டேனியல் கானமனின் குழு டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் நேற்றைய பொழுதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனநிலை எப்படி இருந்தது என்று எழுத வைத்தது. காலையில் வேலைக்குப் பயணம் செய்த நேரம்தான் கடைசி இடத்துக்கு வந்தது. டெக்சாஸில் காரில் போகிறவர்களுக்கே அப்படி. புதுப்பேட்டைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே நாளுக்கு நாலு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். தேன்மொழி, இந்த முறையைக் கையில் எடுங்கள்.

கூடவே, யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பியிராத ஒரு அளவையும் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2008 அறிக்கையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத்தைப் பற்றி ஒரு தகவல் உண்டு. கால்ட்டன் என்ற ஏழைப் பகுதியில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 54. சில கிலோமீட்டர் தள்ளி லென்சியில் 82. இரண்டு இடத்திலும் ஏணியைக் காட்டினால் என்ன எண் வந்திருந்தாலும், இந்த 28 வருடம் அதில் தெரிந்திருக்காது. நீங்கள் ஆயுளைக் கணக்கெடுக்க முடியாது. நீர்க்கடுப்பு, மூட்டுவலி, ஆஸ்பத்திரிக்குப் போன தடவைகள், அதற்காக விட்ட கூலி, இவற்றைக் கேட்கலாம்.

---

தேன்மொழி

செல்வி அக்கா, உங்கள் பதிலை விடுதியில் மூன்று தடவை படித்தேன். கேள்வித்தாளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏணி இருக்கும், கடைசிப் பக்கத்தில். எண் சொன்னதும் "எதைப் பக்கத்தில் வைத்துச் சொன்னீர்கள்" என்று அடுத்த வரி. முதல் பக்கம் முழுக்க நேற்று: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து, எத்தனை மாடி, வழியில் எவ்வளவு நேரம், எத்தனை டம்ளர் குடித்தீர்கள், கழிப்பறை எங்கே, அதற்குத் தாழ்ப்பாள் உண்டா, ராத்திரி வீட்டில் யார் யார் படுத்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் இதே கேள்விகள். உங்கள் மாமியாருக்காக ஒன்று சேர்த்திருக்கிறேன்: நேற்று நீங்கள் வெளியே வரவில்லை என்றால் யார் வந்து பார்த்திருப்பார்கள்?

ராஜ்குமார் சார், "இரண்டு சமூகம்" என்ற தலைப்பை என் வழிகாட்டியிடம் மாற்றக் கேட்டிருக்கிறேன். ஒரு வளாகத்துக்குள் தினமும் வந்து போகிறவர்களை அந்த வளாகத்தின் கணக்கில் சேர்க்காமல் இருப்பது தப்பு என்று எனக்கும் இப்போது படுகிறது.

அக்கா, உங்கள் மாமியாரிடம் பேச வரலாமா?

---

ராஜ்குமார், சோழிங்கநல்லூர்

அசோசியேஷன் குரூப்பில் போட்டேன். சுத்தம் செய்வது யார் என்று இரண்டு பேர் கேட்டார்கள், மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுப்புகிறேன். தாழ்ப்பாளுக்கும் பல்புக்கும் கூட்டம் வேண்டியதில்லை என்று பிளம்பரோடு போய் நானே போட்டுவிட்டேன். வாளி, மக் வாங்கி வைத்திருக்கிறேன்.

---

செல்வி, பெரும்பாக்கம்

தாராளமா வாங்கம்மா. செவ்வாய்க்கிழமை எனக்கு ரெண்டரைக்கு வேலை முடியும், மூணு மணிக்கு வீட்டுல இருப்பேன். மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், வலது பக்கம் உக்காந்து பேசுங்க. எடுத்த எடுப்புல வாழ்க்கை எப்படின்னு கேக்காதீங்க. உளுந்து எவ்வளவு, அரிசி எவ்வளவு போட்டா இட்லி பஞ்சு மாதிரி வரும்னு கேளுங்க. அதுக்கு அவங்க பதில் சொல்லிட்டாங்கன்னா அப்புறம் மத்ததெல்லாம் தானா வரும். கீழ ஆட்டோ நிக்கற இடத்துல இருந்து போன் பண்ணுங்க, பையன் வந்து கூட்டிக்கிட்டு வருவான். லிஃப்ட் இல்லைன்னா மூணாவது மாடியில கொஞ்சம் நின்னு வாங்க.